ஒற்றைப் பலகைக் கணிப்பொறியும் ரோபோப் பயிற்சியும்

ரோபோ எனப்படும் தானியங்கு யந்திரம் எதுவாயினும் அதற்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. சுற்றுப்புறத்தை அறிவதற்கு உணர்கருவிகள் வேண்டும். அசைவதற்கு மோட்டார்கள் வேண்டும். அறிந்ததைக் கொண்டு எவ்வாறு அசைவது என்று முடிவு செய்வதற்கு ஒரு கணிப்பொறி வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இம்மூன்றில் கிடைத்தற்கு அரியதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது கணிப்பொறியே. இன்று நிலைமை மாறிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையே முழுக் கணிப்பொறியாக அமைந்து, பள்ளி மாணவரும் வாங்கிப் பழகத்தக்க விலையில் கிடைக்கிறது.

எனினும், பலகை எளிதில் கிடைப்பதனால் மட்டும் ரோபோ எளிதில் அமைந்துவிடுவதில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த பலகை முதல் வாரத்திலேயே கருகிப் போவதும், அதன்பின் எஞ்சிய பலகைகள் பீரோவில் வைத்துப் பூட்டப்படுவதும் நிகழக்கூடியவையே. அவ்வாறு நிகழுமாயின் நஷ்டம் பணத்தோடு முடிவதில்லை. மாணவர் தொட்டுப் பழக வேண்டிய கருவி வெறுங் காட்சிப் பொருளாகிவிடுகிறது. இத்தகைய சேதங்களில் பெரும்பாலானவை, பலகையின் வேலை எது, அதன் வேலை அல்லாதது எது என்பதைப் பிரித்தறியாமையால் விளைபவை. அந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பலகையில் அடங்கியவை

மேஜைக் கணிப்பொறியின் பெட்டியைத் திறந்து பார்த்தால், கணக்கிடும் சில்லு, நினைவகம், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, வெளிக் கருவிகளை இணைக்கும் பகுதி ஆகியவை பல அட்டைகளாகப் பிரிந்து கிடப்பதைக் காணலாம். இவை அனைத்தையும் ஒரே அட்டையில், பெரும்பாலும் ஒன்றிரண்டு சில்லுகளிலேயே, அடக்கி அமைத்ததுதான் ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. விசைப்பலகையும் திரையும் வெளியிலிருந்து இணைக்கப்படும். நிரல்களும் விவரங்களும் பெரும்பாலும் நகத்தளவேயுள்ள ஒரு மெமரி கார்டில் தங்கும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1976-இல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி என்னும் நிறுவனம் கிம்-1 என்ற பலகையை வெளியிட்டது. அதன் நினைவகம் ஏறத்தாழ 1 கிலோபைட். விடைகளைக் காட்ட ஆறு இலக்க ஒளிக்காட்டி ஒன்றே உண்டு. இந்தியப் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் நெடுங்காலம் பயிலப்பட்ட 8085 பயிற்சிப் பலகைகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அவற்றில் பயின்றோர், எண்களாலான கட்டளைகளை ஒவ்வொன்றாக விசைகளால் பதிந்து யந்திரத்தை இயக்கிய அனுபவத்தை அறிவர்.

இன்றைய பலகைகளுள் பெயர் பெற்றது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான ராஸ்ப்பெர்ரி பை ஆகும். அந்நகரிலேயே 1981-இல் ஏகோர்ன் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோ என்ற கணிப்பொறியைப் பள்ளிகளுக்காக அமைத்தது. அக்கணிப்பொறியை இயக்கியவுடன் நிரல் எழுதுவதற்குரிய திரையே தோன்றும். ஆகவே சிறுவர் பலர் விளையாட்டாகவே நிரல் எழுதப் பழகினர். பிற்காலத்துக் கணிப்பொறிகளில் அந்த வாய்ப்பு மறைந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் பயில விண்ணப்பிப்போரின் தொகையும், முன்பயிற்சியும் குறைந்து வருவதை எபன் அப்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் கவனித்தனர். உடைந்தாலும் பெருநஷ்டம் என்று அஞ்ச வேண்டாத ஒரு கணிப்பொறியைச் சிறுவர் கையில் கொடுப்பதே இதற்கு மருந்து என அவர்கள் கருதினர். அதன் பயனாக 2012 பிப்ரவரி 29-இல் முதற்பலகை 35 டாலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. அதன் நீளம் சுமார் 86 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். கணக்கிடும் சில்லின் வேகம் விநாடிக்கு 70 கோடித் துடிப்பு. 2015 டிசம்பரில் இத்தகைய பலகைகள் இரண்டு, மாணவர் எழுதிய நிரல்களை இயக்கும் பொருட்டுச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் அனுப்பப்பட்டன.

இரு வேறு இனங்கள்

கடைகளில் ஒருசேர விற்கப்படும் சிறு பலகைகள் யாவும் ஓரினம் அல்ல. ராஸ்ப்பெர்ரி பை போன்றவை லினக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தாங்கி நிற்கும் முழுக் கணிப்பொறிகள். இவற்றில் ஒரே சமயத்தில் பல நிரல்கள் இயங்கலாம். கேமராப் படத்தை ஆராயலாம். வலைப்பின்னல் வழியே செய்தி அனுப்பலாம்.

மற்றோரினம் மைக்ரோகன்ட்ரோலர் பலகைகள். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிலுள்ள ஒரு வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் தோன்றிய ஆர்டுயினோ இவற்றுள் முதன்மையானது. ஆர்டுயினோ ஊனோ என்ற பலகையின் வேகம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. தற்காலிக நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. அதில் இயக்க முறைமை எதுவும் இல்லை. எழுதிப் பதித்த ஒரே நிரல் மின்சாரம் வந்த கணத்தில் தொடங்கி, மின்சாரம் நிற்கும் வரையில் திரும்பத் திரும்ப ஓடும். 2016-இல் பிரிட்டனில் ஏறத்தாழ 10 லட்சம் மாணவருக்கு இலவசமாக வழங்கப்பட்ட மைக்ரோபிட்டும், 2021-இல் வெளிவந்த ராஸ்ப்பெர்ரி பை பிக்கோவும் இந்த இனத்தவை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியிலிருந்தே விளக்கலாம். தலைமையாசிரியர் பல அலுவல்களைக் கவனிப்பவர். வருகைப் பதிவேடு, பெற்றோர் சந்திப்பு, கடிதப் போக்குவரத்து யாவும் அவர் பொறுப்பு. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பார்ப்பதனால் எந்த வேலை எந்த நொடியில் நடக்குமென்று உறுதி கூற இயலாது. மணியடிக்கும் ஊழியரோ ஒரே வேலையைச் செய்பவர். ஆனால் அதை உரிய கணத்தில் தவறாது செய்பவர். தலைமையாசிரியரையே மணியடிக்கவும் அமர்த்தினால், ஒருநாள் இல்லாவிடினும் மறுநாள் பாடவேளை தவறும். ரோபோவில் நேரும் பல கோளாறுகளுக்கு இத்தகைய பொருந்தாத வேலைப் பங்கீடே காரணம்.

முனைகளின் வரம்பு

பலகையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் உலோக முனைகளே அதனை வெளியுலகத்தோடு இணைப்பவை. இவற்றைப் பின்கள் என்பது வழக்கம். 2014-க்குப் பின் வந்த ராஸ்ப்பெர்ரி பை பலகைகளில் 40 முனைகள் உள்ளன. அவற்றுட் சில மின்சாரம் வழங்குபவை; சில தரை இணைப்புகள்; எஞ்சியவை நிரலின் கட்டளைப்படி மின்னழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும், அல்லது வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அறியவும் உதவுபவை.

இம்முனைகளைப் பற்றி மூன்று உண்மைகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, சமிக்ஞை முனைகளின் மின்னழுத்தம் 3.3 வோல்ட் ஆகும். அதே வரிசையில் 5 வோல்ட் வழங்கும் முனைகளும் அருகருகே இருக்கின்றன. 5 வோல்ட்டைச் சமிக்ஞை முனையில் செலுத்தினால் சில்லுக்கு நிரந்தரச் சேதம் விளையலாம். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டில் இயங்குவதாகலின், அதற்கென விற்கப்படும் உணர்கருவிகளை அப்படியே மற்றப் பலகையில் இணைப்பது ஆபத்தாகும்.

இரண்டாவது, ஒரு முனை தரக்கூடிய மின்னோட்டம் மிகச் சிறிது. ராஸ்ப்பெர்ரி பையில் ஒரு முனைக்கு 16 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுத்தல் ஆகாது. எல்லா முனைகளும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்குவது பாதுகாப்பானது. சிவப்பு ஒளிவிடும் டயோடு ஒன்றை 330 ஓம் தடையுடன் இணைத்தால் சுமார் 4 மில்லி ஆம்பியர் ஓடும். இது முனை தாங்கக்கூடிய வேலை. தடையை விட்டுவிட்டு நேராக இணைப்பது டயோடுக்கும் கேடு, முனைக்கும் கேடு.

மூன்றாவது, ராஸ்ப்பெர்ரி பையின் முனைகள் மின்னழுத்தம் உண்டு, இல்லை என்ற இரு நிலைகளை மட்டுமே அறியும். இடைப்பட்ட அளவுகளை அறியா. வெப்பம், ஈரம், ஒளி போன்றவற்றைத் தொடர்ச்சியான மின்னழுத்தமாகத் தரும் உணர்கருவிகளை இணைக்க வேண்டுமாயின், அந்த அளவை எண்ணாக மாற்றும் தனிச் சில்லு ஒன்று இடையில் தேவை. எம்.சி.பி. 3008 என்னும் சில்லு அத்தகையது. எட்டு உணர்கருவிகளின் அளவுகளை 0 முதல் 1023 வரையுள்ள எண்களாக மாற்றித் தரும். ஆர்டுயினோ ஊனோவில் இவ்வசதி பலகையிலேயே ஆறு முனைகளுக்கு அமைந்துள்ளது.

மோட்டாரை இயக்கும் முறை

பொம்மை வண்டிகளில் உபயோகிக்கப்படும் சிறு பற்சக்கர மோட்டார் ஓடும்போது நூறு முதல் இருநூறு மில்லி ஆம்பியர் வரை எடுத்துக் கொள்ளும். சக்கரம் எதிலாவது சிக்கி நின்றுவிட்டால் மின்னோட்டம் குறைவதற்குப் பதிலாகப் பன்மடங்கு கூடும். ஓர் ஆம்பியரை எட்டுவதும் உண்டு. 16 மில்லி ஆம்பியர் தரும் முனையோடு இதனை நேராக இணைப்பது எத்தகைய தவறு என்பதை இந்த எண்களே உணர்த்தும்.

ஏரி மதகின் கதவைத் திருகித் திறப்பவர் நீரைத் தாம் சுமந்து வயலுக்குக் கொண்டு செல்வதில்லை. அவருடைய சிறு உழைப்பால் ஏரியின் பெருநீர் பாய்கிறது. அதுபோலவே பலகையின் முனை மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தான் தர வேண்டுவதில்லை. வேறொரு பாட்டரியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் திறந்து மூடினால் போதும். மதகின் இடத்தில் நிற்பது மோட்டார் டிரைவர் எனப்படும் சில்லு. அதனுள் நான்கு மின் ஸ்விட்சுகள் அமைந்துள்ளன. எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு மூடினால் மோட்டார் ஒரு பக்கம் சுழலும். மற்ற இரண்டு மூடினால் மறுபக்கம் சுழலும். இந்த அமைப்பின் வரைபடம் ஆங்கில எழுத்தாகிய எச் போலத் தோன்றுவதால் எச்-பாலம் என்று பெயர் பெற்றது.

எல்.293.டி. என்ற சில்லு ஒவ்வொரு மோட்டாருக்கும் 600 மில்லி ஆம்பியர் வரையிலும், எல்.298 என்பது 2 ஆம்பியர் வரையிலும் கையாளும். இவை பழைய முறையில் அமைந்தவையாதலால் சுமார் 2 வோல்ட்டைத் தாமே உண்டுவிடும். நான்கு பென்சில் பாட்டரிகளின் 6 வோல்ட்டில் மோட்டாருக்கு 4 வோல்ட்டே எஞ்சுவதைக் கண்டு, பாட்டரி பழுதென்று எண்ணி மாற்றுவோர் உண்டு. குறை பாட்டரியில் இல்லை.

மோட்டாரை நிறுத்தும் கணத்தில் அதன் கம்பிச் சுருள் எதிர்த்திசையில் உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்பும். அதனை வழிமாற்றி விடுவதற்கு டயோடுகள் வேண்டும். எல்.293.டி.யில் இவை உள்ளேயே அமைந்துள்ளன, எல்.298 சில்லைத் தனியே உபயோகித்தால் வெளியில் அமைக்க வேண்டும். பலகைக்கும் மோட்டாருக்கும் வெவ்வேறு பாட்டரிகள் இருப்பினும் இரண்டின் தரை இணைப்புகளும் ஒன்றாகச் சேர்க்கப்பட வேண்டும். மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு. பொதுவான தரை இல்லாதபோது, பலகை அனுப்பும் 3.3 வோல்ட் எதனோடு ஒப்பிட்டு 3.3 வோல்ட் என்பது டிரைவருக்குத் தெரியாது. நிரல் சரியாக இருந்தும் சக்கரம் தாறுமாறாகச் சுழன்றால் முதலிற் பார்க்க வேண்டுவது இந்த இணைப்பையே.

மின்சாரமும் மெமரி கார்டும்

ஒரே பாட்டரியைப் பலகைக்கும் மோட்டாருக்கும் சேர்த்து அமைப்பது பார்வைக்குச் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் மோட்டார் புறப்படும் ஒவ்வொரு முறையும் பாட்டரியின் மின்னழுத்தம் ஒரு கணம் தாழும். ராஸ்ப்பெர்ரி பைக்கு வரும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழிறங்கினால், அது திரையில் மின்னல் குறியொன்றைக் காட்டி எச்சரிக்கும். மேலும் தாழ்ந்தால் இயங்குவதை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ரோபோ இரண்டு அடி சென்று நின்று, சற்றுப் பொறுத்து மறுபடி புறப்படுவது பெரும்பாலும் இதனாலேயே. நிரலில் பிழை தேடுவதில் மாணவர் நாட்களைச் செலவிடும் முன்னர் மல்டிமீட்டரைக் கொண்டு மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது நலம்.

பலகைகளின் தேவையும் ஒன்று போல் இல்லை. 2019-இல் வெளிவந்த நான்காம் தலைமுறைப் பலகைக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியரும், 2023-இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறைக்கு 5 ஆம்பியரும் தரும் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. சாதாரணக் கைப்பேசிச் சார்ஜர் இதற்குப் போதாமற் போகலாம். சில்லின் வெப்பம் 80 பாகை செல்சியசை நெருங்கினால் பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். கோடையில் 40 பாகையை எட்டும் அறையில், மூடிய பெட்டிக்குள் வைத்த பலகை மந்தமாவதற்கு இதுவே காரணம். வெப்பத்தைப் பரப்பும் அலுமினியத் தகடும் சிறு விசிறியும் இக்குறையைப் போக்கும்.

முழுக் கணிப்பொறியை நிறுத்தும் முறையும் கவனத்துக்குரியது. லினக்ஸ் இயங்கும்போது மெமரி கார்டில் ஏதேனும் எழுதப்பட்டுக் கொண்டே இருக்கக்கூடும். அப்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் எழுத்து பாதியில் நின்று, மறுமுறை பலகை தொடங்காமலே போகலாம். நிறுத்தும் கட்டளை கொடுத்துச் சிறிது பொறுத்து மின்சாரத்தை விலக்குவதே முறை. மின்தடை அடிக்கடி நேரும் இடங்களில், நன்றாக இயங்கும் கார்டின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக் கொண்டால், கெட்டுப் போனது பலகையா கார்டா என்பதை ஐந்து நிமிடத்தில் அறியலாம். மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளுக்கு இத்தொல்லை இல்லை. எப்போது வேண்டுமாயினும் மின்சாரத்தை நிறுத்தலாம்.

காலக் கணக்கு

ரோபோவின் கழுத்து, கை முதலியவற்றைக் குறித்த கோணத்தில் திருப்புவதற்குச் சர்வோ மோட்டார் பயன்படுகிறது. இதற்கு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு மின்துடிப்பு அனுப்பப்படும். துடிப்பு 1 மில்லி விநாடி நீடித்தால் கை ஓர் எல்லைக்கும், 2 மில்லி விநாடி நீடித்தால் மறு எல்லைக்கும், 1.5 நீடித்தால் நடுவுக்கும் வரும். இரு எல்லைகளுக்கும் இடையே 90 பாகை எனக் கொண்டால், ஒரு பாகைக்கு விநாடியின் பத்து லட்சத்தில் 11 பங்கே கிடைக்கிறது. லினக்ஸ் பிறிதொரு வேலையைக் கவனிக்கச் சென்று பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி தாமதித்தாலும் கை 9 பாகை பிசகும். ஆகவே மென்பொருளால் மட்டும் துடிப்பை உண்டாக்கும்போது சர்வோ நடுங்குவதைக் காணலாம்.

இதற்குப் பரிகாரம், வேலையைப் பங்கிடுவது. கேமராவைப் பார்ப்பது, வழியைத் தீர்மானிப்பது, செய்தி அனுப்புவது ஆகியவற்றை முழுக் கணிப்பொறி செய்யட்டும். துடிப்பு அனுப்புவது, சக்கரச் சுற்றுகளை எண்ணுவது, மோதும் தறுவாயில் நிறுத்துவது ஆகியவற்றை ஒரு மைக்ரோகன்ட்ரோலரிடம் விட்டுவிடலாம். இரண்டையும் இரு கம்பிகளும் தரை இணைப்பும் கொண்டு இணைத்து, "இடப்பக்கம் 30 பாகை" என்பது போன்ற சுருக்கமான கட்டளைகளை அனுப்பினாற் போதும். கணிப்பொறி தயங்கினாலும் மைக்ரோகன்ட்ரோலர் தன் கடமையில் தவறாது. 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் பலகையில் இந்த எண்ணம் உள்ளேயே இடம் பெற்றுள்ளது. லினக்ஸ் இயங்கும் சில்லினுள் காலம் தவறாத இரண்டு சிறு கணிப்பொறிகள் தனியே அமைக்கப்பட்டுள்ளன.

வகுப்புக்கு ஏற்ற பயிற்சி

மேற்கூறியவற்றை மாணவர் ஒருசேரக் கற்பதற்குத் தடையைக் கண்டு விலகும் இருசக்கர வண்டி பொருத்தமானது. வண்டியை ஒரே நாளில் முடிக்க முயல்வதை விடப் படிப்படியாக அமைப்பது நல்லது. முதலில் ஒரு டயோடை மினுக்கச் செய்து, நிரலும் முனையும் சரியென உறுதி செய்ய வேண்டும். அடுத்து, டிரைவரை இணைத்து, சக்கரங்கள் தரையில் படாதவாறு வண்டியை ஒரு கட்டையின் மேல் ஏற்றி வைத்து மோட்டார்களைச் சோதிக்க வேண்டும். பலகை விழித்தெழும் சில விநாடிகளில் முனைகளின் நிலை உறுதியற்றதாக இருக்கலாம். அப்போது மேஜை மீதுள்ள வண்டி தானே புறப்பட்டுக் கீழே விழக்கூடும். மூன்றாவதாக உணர்கருவியைச் சேர்த்து, இறுதியில் தரையில் ஓட விட வேண்டும்.

தூரத்தை அளக்க எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற செவிக்கெட்டா ஒலிக்கருவி பெரிதும் உபயோகிக்கப்படுகிறது. இது விநாடிக்கு 40 ஆயிரம் அதிர்வுள்ள ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை ஒரு துடிப்பின் நீளமாகத் தரும். ஒலி போய் வருவதனால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் விநாடியின் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 58 பங்கு செல்லும். இதன் விடைத்துடிப்பு 5 வோல்ட்டாதலால் ராஸ்ப்பெர்ரி பையில் இணைக்கும்போது 1000 ஓம், 2000 ஓம் ஆகிய இரு தடைகளை வரிசையாக அமைத்து, அவை சேரும் இடத்திலிருந்து முனைக்குக் கம்பி எடுக்க வேண்டும். 2000 ஓம் தடை தரைப் பக்கம் இருப்பின் முனைக்கு 3.3 வோல்ட்டே சேரும். எட்டாம் வகுப்பில் பயின்ற விகிதக் கணக்கு ஒரு பலகையைக் காப்பதை மாணவர் இங்கே நேரிற் காண்பர்.

பௌதிகப் பாடமும் இதில் அடங்கியுள்ளது. ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். 40 பாகையில் சுமார் 355 மீட்டர். முதல் எண்ணையே நிரலில் எழுதிவிட்டு மே மாத நண்பகலில் அளந்தால், 100 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள சுவர் 97 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கருவி கூறும். வெப்பமானி ஒன்றைச் சேர்த்து நிரலைத் திருத்தும் வேலையை மாணவரிடமே விட்டால், அளவையில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் மறவார்.

களப்பணியாளருக்குச் சில குறிப்புகள்

வயலின் ஈரம், கிணற்றின் நீர்மட்டம், சேமிப்புக் கிடங்கின் வெப்பம் முதலியவற்றைப் பதிவு செய்யும் கருவிகளின் முன்மாதிரியை அமைக்கவும் இப்பலகைகள் உதவும். இங்கே முதலில் எழும் கேள்வி மின்சாரம் பற்றியது. முழுக் கணிப்பொறி சும்மா இருக்கும்போதும் சுமார் 2.5 வாட் செலவிடுவதாகக் கொள்ளலாம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள பாட்டரியில் அடங்கியிருப்பது 84 வாட்-மணி. கணக்கின்படி 33 மணி நேரமும், நடைமுறையில் ஏறத்தாழ ஒரு நாளும் தாங்கும். மணிக்கு ஒருமுறை விழித்து அளந்து மறுபடி உறங்கும் மைக்ரோகன்ட்ரோலர் சராசரியாக 1 மில்லி ஆம்பியர் எடுத்தால், 2000 மில்லி ஆம்பியர்-மணி அளவுள்ள சிறு செல்கள் சுமார் 80 நாட்கள் வரும். ஆகவே கேமராவோ கடினமான கணக்கோ தேவைப்படாத களக் கருவிக்கு எளிய பலகையே சிறந்தது.

இரண்டாவது கேள்வி நேரம் பற்றியது. நான்காம் தலைமுறை வரையிலான ராஸ்ப்பெர்ரி பை பலகைகளில் தனிக் கடிகாரம் இல்லை. வலைப்பின்னல் இல்லாத இடத்தில் மின்சாரம் நின்று வந்தால் பதிவுகளில் தவறான நேரம் ஏறும். ஐந்தாம் தலைமுறையில் கடிகாரம் உண்டு. அதற்குரிய சிறு பாட்டரியைத் தனியே பொருத்த வேண்டும். பழைய பலகைகளுக்குக் கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்க்காவிடில் பல நாள் அளவைகள் பயனற்றுப் போகலாம். மூன்றாவது, உணர்கருவியின் ஆயுள். மண்ணில் மின்சாரத்தைச் செலுத்தி ஈரத்தை அறியும் இரட்டைக் கம்பிக் கருவிகள் விலை மலிந்தவை. ஆனால் ஓயாது மின்சாரம் பாய்ந்தால் சில வாரங்களிலேயே அரித்துப்போகும். உலோகம் மண்ணில் படாதவாறு பூச்சிட்ட மின்தேக்க வகைக் கருவியை உபயோகிப்பதோ, அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் தருவதோ இதனைத் தவிர்க்கும்.

முன்மாதிரி வேறு, முடிந்த பண்டம் வேறு என்பதையும் மறத்தல் ஆகாது. பிரெட்போர்டில் செருகிய கம்பிகள் மேஜை மீது சரியாக வேலை செய்யும். மாட்டு வண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ எடுத்துச் சென்றால் கழன்றுவிடும். கருத்து சரியென்று நிரூபணமான பின் இணைப்புகளைப் பற்றவைத்து, தூசியும் ஈரமும் புகாத பெட்டியில் அமைத்த பிறகே களத்துக்கு அனுப்ப வேண்டும்.

இந்திய முயற்சிகள்

பள்ளி மாணவர் கையால் செய்து கற்கும் பொருட்டு, நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் புதுமைத் திட்டத்தின் கீழ் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டன. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவருக்குரிய இக்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. கூடங்களின் தொகை 10 ஆயிரத்தைக் கடந்தது. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் மேலும் 50 ஆயிரம் கூடங்கள் அமைக்கப்படும் என 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. சில்லுகளை உள்நாட்டிலேயே வடிவமைக்கும் பணியும் நடைபெற்று வருகிறது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சக்தி என்ற கணக்கிடும் சில்லு வரிசையையும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் வேகா என்ற வரிசையையும் வடிவமைத்துள்ளன. இவ்விரண்டும் ரிஸ்க்-ஃபைவ் என்னும், எவரும் உரிமைக் கட்டணமின்றி உபயோகிக்கத்தக்க கட்டளை அமைப்பைத் தழுவியவை. வேகா இனத்தைச் சேர்ந்த தேஜஸ்-32 என்ற சில்லைக் கொண்டு ஆரீஸ் என்னும் பயிற்சிப் பலகைகளும் வெளிவந்துள்ளன.

ஆய்வுக்கூடச் சுவரில் எழுதி வைக்கத்தக்கவை

1. கம்பியைச் செருகுவதும் எடுப்பதும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே.

2. புதிய உணர்கருவி எதனையும் இணைக்கும் முன் அதன் வெளியீடு எத்தனை வோல்ட் என்று அளந்து பார்க்க வேண்டும்.

3. மோட்டாருக்குத் தனிப் பாட்டரி, டிரைவர், பொதுத் தரை இணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும்.

4. பலகையை உலோக மேஜையிலோ, வெட்டிய கம்பித் துண்டுகளின் மீதோ வைத்தல் கூடாது.

5. லித்தியம் பாட்டரிகளை மேற்பார்வையின்றிச் சார்ஜ் செய்தல் கூடாது. உப்பியதும் நசுங்கியதும் உடனே விலக்கப்பட வேண்டும்.

6. ஒரு மாணவர் அமைத்த மின்சுற்றை மற்றொரு மாணவர் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மின்சாரம் தர வேண்டும்.

இந்த ஆறு விதிகளையும் பின்பற்றினாலும் ஆண்டுக்கு ஓரிரு பலகைகள் கெடக்கூடும். அதனைக் கற்பித்தற் செலவாகக் கொள்வதே தகும். கெட்ட பலகையை மறைத்து வைக்காமல், எந்த முனையில் எத்தனை வோல்ட் பாய்ந்தது என்று மாணவரைக் கொண்டே ஆராயச் செய்து, அம்முடிவைக் குறிப்பேட்டில் எழுத வைக்கலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அக்குறிப்பேட்டிலிருந்தே தம் வேலையைத் தொடங்குவர்; பீரோவின் சாவியும் ஆசிரியரின் மேஜையிலேயே கிடக்கலாம்.